கிணற்று வாளியும் குவாண்டம் பொறிமுறையும்: பேராசிரியர் எலியேசரின் கணிதம்

இறுப்பிட்டியில் வளர்ந்தவர்களுக்குக் கிணற்றடி தெரியாமல் இருக்காது. புங்குடுதீவில் உவர்க் கிணறுகளே அதிகம். நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும் இடத்தில் குடங்களும் வாளிகளும் எப்போதும் வரிசையில் நிற்கும். 1991 இடப்பெயர்வுக்குப் பின் அந்தக் கிணறுகள் பல பற்றை மண்டிப் போயின. ஆனாலும் கப்பியில் கயிறு ஓடும் சத்தம் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்களின் காதில் இன்னும் இருக்கும்.

அந்தக் கிணற்றடியில் எல்லோரும் கண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு விடயம் உண்டு. தண்ணீர் அள்ளி இழுக்கும்போது வாளி இரண்டு பக்கமும் ஆடும். ஆழத்தில் இருக்கும்போது அந்த ஆட்டம் ஆறுதலாக இருக்கும். மேலே வர வர வேகம் கூடும். கப்பியிலிருந்து வாளி வரை 4 மீற்றர் கயிறு இருந்தால் ஒருமுறை ஆடி வர ஏறத்தாழ 4 செக்கன் எடுக்கும். கயிறு 1 மீற்றராகக் குறைந்தால் 2 செக்கன் போதும். உயர்தர மாணவர்கள் இதை ‘எளிமை இசை இயக்கம்’ என்று படிக்கிறார்கள். அலைவு காலம் கயிற்று நீளத்தின் வர்க்கமூலத்தோடு மாறும் என்று எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள்.

ஆனால் ஆடும் வாளியை மேலே இழுக்கும்போது ஆட்டத்தின் சக்திக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி பாடத்தில் வருவதில்லை. அதே கேள்வி 1911 இல் பிரசெல்ஸ் நகரில், உலகின் முதன்மையான பௌதிக அறிஞர்கள் கூடிய முதலாவது சொல்வே மாநாட்டில் எழுந்தது. ஊசல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்போது அதன் நூலை மெதுவாகக் குறுக்கினால் என்ன ஆகும் என்று லோரன்ஸ் கேட்டார். சக்தியும் மீடிறனும் ஒரே விகிதத்தில் கூடும், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண் மாறாது என்று ஐன்ஸ்டைன் பதில் சொன்னார். (மீடிறன் என்பது ஒரு செக்கனில் எத்தனை தரம் ஆடுகிறது என்ற எண். இந்தியப் பாடநூல்களில் இதை அதிர்வெண் என்பார்கள்.)

எங்கள் வாளிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 4 மீற்றர் 1 மீற்றராகும்போது மீடிறன் இரட்டிக்கிறது. எனவே ஆட்டத்தின் சக்தியும் இரட்டிக்க வேண்டும். அந்த மேலதிகச் சக்தியைக் கொடுப்பது கயிற்றை இழுக்கும் கைதான். பக்கவாட்டில் வாளி 10 சென்ரிமீற்றர் தூரம் ஆடியிருந்தால் அது 7 சென்ரிமீற்றராகச் சுருங்கும், கயிறு சாயும் கோணமோ ஏறத்தாழ மூன்று மடங்காகும். மேலே வர வர வாளி துள்ளுவதுபோலத் தெரிவது இதனால்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஆறுதலாக இழுக்க வேண்டும். வெட்டி இழுத்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

ஒரு கிணற்று வாளியைப் பற்றி அவ்வளவு பெரிய மனிதர்கள் ஏன் மினக்கெட்டார்கள்? காரணம் பிளாங்கு. ஆடும் பொருள் ஒன்று தன் சக்தியை நினைத்த அளவில் வைத்திருக்க முடியாது, அது படிப்படியாகவே இருக்க முடியும் என்ற கருத்துக்கு அவர் 1900 இல் வித்திட்டார். ஒரு படியின் உயரம், பிளாங்கு மாறிலியை மீடிறனால் பெருக்கினால் வருவது. எங்கள் பாடநூல்களில் ‘சக்திச் சொட்டு’ என்பது இதையே. சொட்டு என்பது நல்ல சொல். தண்ணீர் தொடர்ந்து ஓடுவதாகத் தெரிந்தாலும் கிட்டப் போய்ப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

சக்தியை மீடிறனால் வகுத்த எண் மாறாது என்றால், வாளி எத்தனையாவது படியில் நிற்கிறது என்ற எண்ணும் மாறாது. கயிறு குறுகும்போது ஒவ்வொரு படியும் உயரும். வாளி தன் படியிலேயே நிற்கும். பழைய பௌதிகத்துக்கும் புதியதற்கும் இடையே இப்படி ஒரு பாலம் கிடைத்தது. 5 கிலோ எடையுள்ள வாளி 4 மீற்றர் கயிற்றில் 10 சென்ரிமீற்றர் ஆடினால் அது நிற்கும் படியின் எண் ஏறத்தாழ 4 இற்குப் பின் 32 பூச்சியங்கள் போட்டது. அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது ஒரு படி கூடினாலென்ன குறைந்தாலென்ன, கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. அணுவுக்குள்ளோ படி எண் 1, 2, 3 என்றுதான் போகும். அங்கே ஒவ்வொரு படியும் பெரிய தாவல்.

இந்தப் பாலத்தில் நடந்தவர்களில் எங்களவர் ஒருவரும் இருக்கிறார். பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர், 1918 இல் பிறந்த ஈழத்தமிழர். எமது வாசகர்கள் பலருக்கு அவர் அவுஸ்திரேலியாவில் தமிழர் அமைப்புகளை வழிநடத்தியவர், 1997 இல் ‘மாமனிதர்’ எனக் கௌரவிக்கப்பட்டவர் என்ற அளவில் தெரியும். அவரது கணிதத்தைப் பற்றித் தமிழில் வந்தவை மிகக் குறைவு. நினைவுக் கட்டுரைகளில்கூடப் ‘புகழ்பெற்ற கணித மேதை’ என்ற ஒரு வரியோடு கடந்து போகிறோம். அவர் செய்த கணக்கு என்ன என்று கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம்.

எலியேசர் கேம்பிரிஜ்ஜில் ஆய்வு செய்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். வழிகாட்டியவர் போல் டிராக், 1933 இல் நோபல் பரிசு பெற்றவர். விமானத் தாக்குதலுக்குப் பயந்து பிரித்தானியா இரவில் விளக்கணைத்துக் கிடந்த காலம் அது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்களுக்கு அந்த இருட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

அவர் எடுத்த சிக்கல் இது. ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனும் ஓர் இலத்திரனும் உண்டு. ஏற்றமுள்ள ஒரு துணிக்கை ஆர்முடுகினால் அது கதிர்வீசிச் சக்தியை இழக்கும் என்பது பழைய பௌதிகத்தின் விதி. அப்படியானால் சுற்றிக்கொண்டிருக்கும் இலத்திரன் சக்தியை இழந்து இழந்து கருவில் விழ வேண்டும். ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடி கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாம் யாரும் இருக்க மாட்டோம்.

கதிர்வீசும்போது இலத்திரன் தன்மீதே உணரும் பின்னுதைப்பையும் சேர்த்து 1938 இல் டிராக் ஒரு சமன்பாடு எழுதினார். அதில் ஆர்முடுகல் மட்டுமல்ல, ஆர்முடுகல் மாறும் வீதமும் வருகிறது. இதனால் ஒரு தொல்லை வந்தது. எந்த விசையும் இல்லாமலே இலத்திரன் தானாக வேகம் கூடிக்கூடி ஓடும் தறிகெட்ட தீர்வுகளையும் அந்தச் சமன்பாடு தருகிறது. அவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார் டிராக்.

1943 இல் எலியேசர் இதை ஐதரசனுக்குப் போட்டுப் பார்த்தார். இலத்திரன் நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொண்டு தீர்த்தால், அது புரோத்தனைத் தொடுவதே இல்லை. தொடுமுன் நின்று, திரும்பி, ஒளியின் வேகத்தை நெருங்கும்வரை ஓடிப்போகிறது. தன்னை இழுக்கும் ஒன்றிடமிருந்து ஓடுகிறது! எல்லாத் தீர்வுகளும் இப்படித்தான். டிராக் சொன்னபடி தறிகெட்டதைத் தள்ளினால் மிஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆசிரியரின் சமன்பாடு எந்த இடத்தில் உடைகிறது என்பதை மாணவர் கணக்குப் போட்டே காட்டினார். அந்தக் கேம்பிரிஜ் மாணவரிடமிருந்த முதன்மைக் கருவி வகையீட்டுச் சமன்பாடுதான். அதன் முதற்படியை இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளையும் ஏறுகிறது.

உடைத்ததோடு அவர் நிற்கவில்லை. 1948 இல் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். அதில் ஆர்முடுகல் மாறும் வீதத்துக்குப் பதிலாக, வெளியிலிருந்து வரும் விசை மாறும் வீதம் நிற்கிறது. விசை இல்லையென்றால் ஆர்முடுகலும் இல்லை, ஓட்டமும் இல்லை. நெடுங்காலம் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1991 இல் ஃபோர்ட், ஓகொனல் என்ற இருவர் குவாண்டம் பொறிமுறையிலிருந்து தொடங்கி வேறு வழியாக வந்து அதே வடிவச் சமன்பாட்டில் முட்டினார்கள். தீவகம் காலியான அதே ஆண்டு. இன்று வலுமிக்க லேசர் ஆய்வுகளில் அது எலியேசர்–ஃபோர்ட்–ஓகொனல் சமன்பாடு எனப்படுகிறது. 2018 இல் இங்கிலாந்தின் ரதர்ஃபோர்ட் ஆப்பிள்ரன் ஆய்வுகூடத்தின் லேசரை வைத்துச் செய்த சோதனைகள், கதிர்வீச்சின் பின்னுதைப்பால் இலத்திரன்கள் சக்தி இழப்பதற்குச் சான்று காட்டின. எலியேசரின் சமன்பாடுதான் சரி என்று அவை முடிவு கட்டவில்லை. ஆனால் அவர் 1943 இல் கேட்ட கேள்வி இப்போது மேசையில் வைத்து அளக்கப்படும் விடயமாகிவிட்டது.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மலாயாவிலும் பேராசிரியராக இருந்த அவர், கடைசியில் மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து 1976 இல் கிரே என்பவரோடு எழுதிய ஒரு சிறு கட்டுரை எங்களைத் திரும்பவும் கிணற்றடிக்குக் கொண்டுவருகிறது.

வெட்டி இழுத்தால் ஐன்ஸ்டைனின் விதி பொய்த்துவிடும் என்றேன். வெட்டி இழுத்தாலும் மாறாத கணியம் ஒன்று உண்டு என்று 1967 இல் லூயிஸ் என்ற அமெரிக்கர் காட்டியிருந்தார். அது பழைய பௌதிகத்துக்கும் குவாண்டம் பொறிமுறைக்கும் சேர்த்தே பொருந்தும். ஆனால் பார்ப்பதற்குச் சிக்கலான கோவை. அதன் பொருள் என்னவென்று புரிவது கடினம். எலியேசரும் கிரேயும் சொன்ன விளக்கத்தை எங்கள் கிணற்றில் வைத்தே பார்க்கலாம்.

வாளி ஒரே கோட்டில் ஆடாமல் கிணற்றுக்குள் வட்டமாகச் சுழல்வதாக நினையுங்கள். மேலேயிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு வட்டம் தெரியும். பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் கிணற்றுச் சுவரில் விழும் நிழல் வலம் இடமாக ஆடுவது மட்டும் தெரியும். கயிற்றை எப்படி இழுத்தாலும், மெதுவாகவோ வெட்டியோ, வாளியைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை எப்போதும் நடுவை நோக்கியே இருக்கும். அதனால் சுழற்சியின் கோண உந்தம் மாறாது. நிழலை மட்டும் பார்ப்பவருக்குப் புதிராகத் தோன்றும் அந்த மாறாக் கணியத்தின் பின்னால் நிற்பது, முழு இயக்கத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும் இந்தச் சாதாரண கோண உந்தம்தான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து பார்க்கலாம். மை முடிந்த பேனாவின் வெற்றுக் குழாய்க்குள் நூலை விட்டு, நுனியில் சிறு கல்லைக் கட்டுங்கள். குழாயை அசையாமல் பிடித்து, 1 மீற்றர் நூலில் கல்லை 10 சென்ரிமீற்றர் ஆட விட்டு, மறு நுனியை மெல்ல இழுத்து 25 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவாருங்கள். 2 செக்கன் அலைவு 1 செக்கனாகும். பக்கவாட்டு ஆட்டம் 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவு காற்றும் உராய்வும் எடுத்துக்கொண்டது.