வெளிநாட்டு ஸ்டாம்பு, பழைய நாணயம் வாங்குறீங்களா? தபால்காரர் கேட்கும் சுங்கவரி இவ்வளவுதான்!

பெரம்பலூர்: பொருளுக்கு பணம் கட்டியாச்சு, அனுப்புற கூலியும் கட்டியாச்சு. அப்புறமும் வீட்டு வாசலில் நிற்கும் தபால்காரர், "சார், இதுக்கு இன்னும் 3 ஆயிரத்து 700 கட்டணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வெளிநாட்டு வலைத்தளத்தில் ஸ்டாம்பு, நாணயம், பழைய ரூபாய் நோட்டு, சின்ன கார் பொம்மை என்று ஆசைப்பட்டு வாங்கும் பலருக்கு முதல் பார்சலிலேயே இந்த அதிர்ச்சி கிடைக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருந்து வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா போன பிள்ளைகள் நிறைய. அங்கிருந்து பார்சல் அனுப்பினாலும் இதே கதைதான்.

தபால்காரர் மேல் கோபப்பட்டு பிரயோஜனம் இல்லை. அவர் வசூல் செய்து கொடுப்பவர் மட்டுமே. தமிழ்நாட்டுக்கு தபாலில் வரும் வெளிநாட்டு பார்சல் பெரும்பாலும் சென்னை வெளிநாட்டு தபால் அலுவலகத்துக்கு போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் சுங்கத்துறை அதிகாரிகள் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் விவர சீட்டை பார்ப்பார்கள். சின்ன பார்சலுக்கு சி.என்.22, பெரிய பார்சலுக்கு சி.என்.23 என்று அந்த சீட்டுக்கு பெயர். உள்ளே என்ன இருக்கு, என்ன விலை என்று அனுப்பியவர் எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிரித்து பார்ப்பார்கள். வரியை போட்டு, உள்ளூர் தபால் நிலையத்துக்கு அனுப்புவார்கள். பணத்தை கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். தபால் துறை தனக்கு என்று ஒரு சிறு கட்டணமும் சேர்த்து வாங்கும்.

கணக்கு எப்படி போடுறாங்க?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். வரி என்பது பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. பொருள் விலை, அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி வரும் தொகைக்குத்தான் வரி. விமானத்தில் வரும் பொருளுக்கு கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இது நிறைய பேருக்கு தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்த மொத்த தொகையில் முதலில் அடிப்படை சுங்கவரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல கூடுதல் வரி. இது 2018 பட்ஜெட்டில் கல்வி வரிக்கு பதிலாக வந்தது. இவை எல்லாவற்றையும் கூட்டி, அதன் தலையில் ஜி.எஸ்.டி. அதாவது வரிக்கும் சேர்த்து வரி!

ஒரு உதாரணம். துபாயில் இருந்து 10 ஆயிரம் ரூபாய்க்கு ஒருவர் பழைய நாணய ஆல்பம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் கூலி 3 ஆயிரம். கணக்கில் எடுப்பது 2 ஆயிரம் மட்டும். ஆக மொத்தம் 12 ஆயிரம். இன்சூரன்சை விட்டுவிடலாம். அடிப்படை வரி 10 சதவீதம், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், அடிப்படை வரி 1,200 ரூபாய். கூடுதல் வரி 120. இப்போது தொகை 13,320. அதில் 18 சதவீதம் என்றால் 2,397 ரூபாய் 60 காசு. மொத்த வரி 3,717 ரூபாய் 60 காசு.

அதோடு முடியவில்லை. வெளிநாட்டு பணத்தில் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் 3 முதல் 3.5 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். 13 ஆயிரத்துக்கு அதுவே 400 ரூபாயை தாண்டும். கடைசியில் 10 ஆயிரம் ரூபாய் ஆல்பம் வீட்டுக்கு வரும்போது 17 ஆயிரம். சம்பளம் வாங்கி மாதம் ஓட்டுகிறவருக்கு இந்த 7 ஆயிரம் சின்ன காசா?

முன்பு இதைவிட மோசம். தனிப்பட்ட உபயோகத்துக்கு தபாலில், விமானத்தில் வரும் பொருளுக்கு என்று சுங்க அட்டவணையில் 9804 என ஒரு எண் உண்டு. அதற்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக குறைந்தது. அதே 12 ஆயிரத்துக்கு 28 சதவீத கணக்கு போட்டால் வரி மட்டும் 5,049 ரூபாய். அடிப்படை சுங்கவரியையும் 20 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாக குறைப்பதாக 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விகிதம் மாறும். அதனால் போன வருஷம் நண்பர் கட்டிய தொகையை வைத்து கணக்கு போடக்கூடாது.

சேகரிப்பு பொருளுக்கு என்றே சுங்க அட்டவணையில் 97-வது அத்தியாயம் இருக்கிறது. ஸ்டாம்புக்கு 9704, நாணயம் மற்றும் வரலாற்று, தொல்லுயிர் சேகரிப்புக்கு 9705, 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706. இதில் 9706-க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆக 2025 செப்டம்பரில் இறங்கியது. ஆக, ஒரே பார்சலுக்கு எந்த எண் போடுகிறார்கள் என்பதை பொறுத்து ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். பார்சலோடு தெளிவான பில், பொருளின் வயசு, வகை எழுதிய காகிதம் இருந்தால் அதிகாரிக்கும் வேலை சுலபம், வாங்கியவருக்கும் லாபம்.

'கிப்ட்' என்று எழுதினால் தப்பிக்கலாமா?

இந்த யோசனையை சொல்லிக்கொடுக்க ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஒரு காலத்தில் குறிப்பிட்ட தொகை வரை பரிசு பொருளுக்கு வரி கிடையாது என்று இருந்தது உண்மை. அந்த வசதியை வைத்து ஆன்லைன் வியாபாரிகள் சரக்கை எல்லாம் 'கிப்ட்' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். 2019 டிசம்பர் 12-ந்தேதி மத்திய அரசு கதவை சாத்தியது. தபால், கூரியரில் பரிசு என்ற பெயரில் பொருள் இறக்குவதற்கே தடை. உயிர்காக்கும் மருந்துக்கும், ராக்கி கயிறுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்கு கூட விலக்கு இல்லை.

விற்பவரிடம் சொல்லி விலையை குறைத்து எழுதச் சொல்வதும் வம்புதான். 200 டாலர் நாணயத்துக்கு 10 டாலர் என்று எழுதினால், அதிகாரி அதே வலைத்தளத்தை திறந்து விலையை பார்க்க எத்தனை நேரம் ஆகும்? எழுதிய விலையை தள்ளிவிட்டு சரியான விலைக்கு வரி போட சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. பறிமுதல், அபராதம் வரையும் போகலாம். வழியில் பார்சல் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் அந்த 10 டாலர் கணக்குக்குத்தான்.

கார் பொம்மை சேர்ப்பவர்களுக்கு தனி தலைவலி. பொம்மைக்கான அடிப்படை சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். சேகரிப்புதான் என்று நாம் சொன்னாலும், அதிகாரி பொம்மை என்று முடிவு செய்தால் கதை முடிந்தது.

சில பொருளை எந்த வரி கட்டியும் கொண்டுவர முடியாது. யானை தந்தத்தில் செய்த பொருள் அதில் ஒன்று. இந்திய எல்லையை தப்பாக காட்டும் வரைபடமும் தடை. வெளிநாட்டு பழைய மேப், உலக உருண்டை வாங்குகிறவர்கள் காஷ்மீர் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆர்டர் போடுவது உத்தமம். தங்கம், வெள்ளி நாணயங்களுக்கு வரியும் கட்டுப்பாடும் தனி. தபாலில் வரவழைக்கும் ஆசையே வேண்டாம்.

அரியலூர்காரர் அம்மோனைட்டை காசு கொடுத்து வாங்கலாமா?

மொராக்கோ, மடகாஸ்கர் நாட்டு அம்மோனைட் கல் வெளிநாட்டு தளங்களில் அமோகமாக விற்கிறது. நத்தை மாதிரி சுருண்ட தொல்லுயிர் கல். இங்கே இருந்து அதை ஆர்டர் செய்பவரை என்ன சொல்வது! அரியலூர் மண்ணே ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இதே கல் புதைந்து கிடந்ததை உலகமே வந்து ஆராய்ச்சி செய்தது. வாரணவாசியில் இதற்கென்று அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகி கிடக்கும் மரம் 18 மீட்டர் நீளம். 1940-ல் புவியியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை கண்டு சொன்னார். தேசிய புவியியல் நினைவுச்சின்னம் அது. அங்கே இருந்து ஒரு துண்டு கூட எடுக்கக்கூடாது.

பழம்பொருள் விஷயத்தில் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பட்ட அனுபவம் அதிகம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜர் சிலை திருடப்பட்டு, சென்னை வழியாக கைவினை பொருள் என்ற பெயரில் கப்பல் ஏறியது. நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் அதை 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார். சிலை பல வருஷம் முன்பே இந்தியாவை விட்டு போய்விட்டது என்று போலி காகிதம். அவ்வளவு பெரிய கலைக்கூடமே அந்த காகிதத்தை நம்பி பணத்தை கொடுத்தது. 2011-ல் கபூர் ஜெர்மனியில் பிடிபட்டார். 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலிய பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையை பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். கும்பகோணம் கோர்ட்டு 2022 நவம்பரில் கபூருக்கு 10 ஆண்டு ஜெயில் கொடுத்தது. 2012-ல் பொட்டவெளி வெள்ளூர் பெருமாள் கோவிலில் திருடு போன ஆஞ்சநேயரும் 2023-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து ஊர் திரும்பினார்.

100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும், 75 வருஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்து பிரதியும் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் வருகின்றன. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் சாமி சிலை மலிவாக கிடைக்குதே என்று வாங்கினால், அது எந்த கோவிலில் இருந்து போனதோ யார் கண்டது? பழைய உரிமையாளர் விவரம் இல்லாத சிலையை தொடாமல் இருப்பதே நல்லது.

கையில் கொண்டு வந்தால்?

திருச்சி விமான நிலையம் வழியாக வருகிறவர்கள் பெட்டியில் கொண்டு வரும் பொருளுக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை வரி இல்லை என்று இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புது விதியில் 75 ஆயிரம் ஆனது. நகை கணக்கு தனி. ஆல்பமோ நாணயமோ, ஊருக்கு வரும் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பச் சொன்னால் பல நேரம் வரியே வராது. பில் மட்டும் கையில் இருக்கட்டும். வரம்பை தாண்டினால் சிவப்பு வழியில் போய் சொல்லிவிட வேண்டும். ஊர் பெயர் தெரியாதவர் கொடுத்த பார்சலை பெட்டியில் போடவே கூடாது.

கூரியரில் வந்தால் ஆதார், பான் நகல் கேட்பார்கள். சொந்த உபயோகத்துக்கு ஏற்றுமதி இறக்குமதி லைசென்ஸ் தேவை இல்லை. கூரியர் கம்பெனி வரியை தானே முதலில் கட்டிவிட்டு, அதற்கு தனி கட்டணமும் போடும். 'பில் ஆப் என்ட்ரி' நகலை கேட்டு வாங்கினால் அரசு வரி எவ்வளவு, கம்பெனி கட்டணம் எவ்வளவு என்று பிரித்து தெரியும்.

போனில் வரும் 'கஸ்டம்ஸ் ஆபீசர்'

"உங்க பேர்ல லண்டன்ல இருந்து பார்சல் வந்திருக்கு, டெல்லி ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் புடிச்சிருக்கு, உடனே 25 ஆயிரம் அனுப்புங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சுங்கத்துறை யாருடைய சொந்த வங்கி கணக்குக்கும், மொபைல் நம்பருக்கும் வரி கட்டச் சொல்லாது. 2019 நவம்பரில் இருந்து துறையின் கடிதங்களில் 'டின்' என்ற அடையாள எண் போடுகிறார்கள். அதை துறையின் வலைத்தளத்தில் சரிபார்க்கலாம். பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முன்கூட்டியே வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று வரும் விளம்பரமும் இதே ரகம். ரிசர்வ் வங்கி தன் பெயரை சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

வரி தப்பாக போட்டிருப்பதாக தோன்றினால், பார்சலை பிரிக்காமல், பில், பணம் கட்டிய ஆதாரம், பார்சல் எண் மூன்றையும் வைத்து வெளிநாட்டு தபால் அலுவலக சுங்கப்பிரிவுக்கு எழுத்தில் கேட்கலாம். பார்சல் எண் என்பது முன்னால் 2 எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் அனுப்பிய நாட்டின் 2 எழுத்து. வரியே கட்ட மனசில்லை என்றால் பார்சலை வாங்காமல் விடலாம். தபால் நிலையம் குறிப்பிட்ட நாள் வரை வைத்திருந்து திருப்பி அனுப்பும். விற்றவர் பணத்தை திருப்பி தருவாரா என்பது அவருடைய விதிமுறையை பொறுத்தது. போன கூலி மட்டும் போனதுதான்.