பழகாத கைகளுக்கான கலை

மேசைப் போர் விளையாட்டில் படையை விலைக்கு வாங்கலாம். அதன் நிறத்தை ஆடுகிறவர்தான் கொடுத்தாக வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிக்குள் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளோ வெளிறிய உலோக வார்ப்புகளோதான் இருக்கும். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த வீரர்களை வெட்டி, ஒட்டி, ஒவ்வொருவருக்கும் வண்ணம் தீட்டிய பிறகே படை மேசைக்கு வரும். புதிதாக வருகிறவர் முதல் பெட்டியோடு ஒரு தயக்கத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்: படம் வரையத் தெரியாத கைக்கு இது வசப்படுமா? நெடுநாள் பழகியவர்கள் சிலர் அந்தத் தயக்கத்துக்குத் தூபம் போடுகிறார்கள். ஒரு காலத்தில் தேர்ந்த கைகளுக்கே உரிய கலையாக இருந்ததை இன்றைய சுலப வண்ணங்கள் மலிவாக்கிவிட்டன என்பது அவர்களுடைய வாதம். இந்தக் கலையின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறோ அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சிறு போர்வீரர் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது தொடக்கம் முதலே பழகாத கைகளை நம்பி அமைக்கப்பட்ட வேலை. அதில் வந்த பெரிய மாற்றங்கள் பலவும் அந்தக் கைகளின் சுமையைக் குறைக்க வந்தவைதான்.

கதை ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் தொடங்குகிறது. வெள்ளீயப் பாத்திரம் வார்க்கும் தொழிலைச் சேர்ந்த யோகான் காட்ஃபிரீட் ஹில்பெர்ட், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே தட்டையான வெள்ளீய உருவங்களை வார்த்து விற்றார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வெற்றிகள் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட காலம் அது. அவருடைய படைவீரர்கள் சிறுவர்களின் கைக்கு வந்தார்கள். 1839இல் அதே நகரில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் பிறகு மூன்று சென்டிமீட்டர் உயரத்தைத் தம் வீரர்களுக்கு நிலையான அளவாக்கினார். மற்றப் பட்டறைகளும் அதைப் பின்பற்றின. இந்த உருவங்களின் செய்முறையைக் கவனித்தால் திறமை எங்கே செலவானது என்பது புரியும். கற்பலகை இரண்டில் உருவத்தின் இரு பக்கங்களையும் குழிவாகச் செதுக்க வேண்டும். சட்டைப் பொத்தான், தோள்பட்டை, குதிரைச் சேணத்தின் வார் எல்லாம் மெல்லிய கோடுகளாகப் பதிய வேண்டும். அதைச் செய்தவர் தேர்ந்த செதுக்குக் கலைஞர். வார்ப்பு வெளியே வந்தபின் வண்ணம் தீட்டியவர்களோ பெரும்பாலும் வீட்டில் இருந்தபடி எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்த பெண்களும் குழந்தைகளும். உருவத்தின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எந்த நிறம் எங்கே முடிகிறது என்பதைச் செதுக்கிய கோடே காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சியிருக்கும் அந்தக் கால மலிவுப் பெட்டிகளைப் பாருங்கள்: சட்டைக்கு ஒரு நீலம், கால்சட்டைக்கு ஒரு வெள்ளை, முகத்துக்கு ஒரு வெளிர் ரோஜா. நிழல் கிடையாது, ஒளி கிடையாது. கலைஞரின் அறிவை அச்சில் ஏற்றி வைத்துவிட்டு, வண்ணத்தைக் கற்றுக்குட்டியின் கையில் கொடுக்கும் ஏற்பாடு அங்கேயே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்திலும் இதே ஏற்பாடுதான். 1893இல் வில்லியம் பிரிட்டன் உட்கூடு வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரத்தில் தோல்போல உறைந்த உடனே நடுவில் இருப்பதை வெளியே கொட்டிவிடுவார்கள். பொம்மை முழு உருவத்தோடு இருக்கும், உலோகச் செலவும் குறையும், எடையும் குறையும். ஜெர்மானியச் சரக்கை விலையில் தோற்கடித்த இந்த லண்டன் நிறுவனம் பேரரசின் படைகள் பலவற்றைப் பெட்டியில் அடைத்தது. மதராஸ் காலாட்படைக்கும் அதில் ஒரு பெட்டி இருந்தது. வண்ண வேலையில் பெரும்பங்கு இங்கும் பெண்களுடையதே. அதில் ஒரு பகுதி அவர்களுடைய வீடுகளிலேயே நடந்தது. பளபளக்கும் எனாமல், முகத்தில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, மீசைக்கு ஒரு கீற்று. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டு, பொம்மைப் படைகளை வைத்துப் பெரியவர்களும் ஆடத்தக்க விதிகளை வகுத்தபோது, அவருடைய வீரர்கள் இப்படி நிறத்தோடு கடையிலிருந்து வந்தவர்கள். ஆடுகிறவர் பிரஷ்ஷைத் தொட வேண்டிய தேவையே அன்று இல்லை.

வண்ண வேலை வாங்குகிறவரின் மேசைக்கு இடம் மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். ஆட்டக்காரர்களின் ஆசை விரிந்தது: ரோமானியர், நெப்போலியனின் காவல்படை, ஏழாண்டுப் போரின் குதிரைப்படை எல்லாம் வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அந்தச் சிறிய சந்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி போன்றவர்கள் 1950களில் சிறு அளவில் வார்த்து விற்கத் தொடங்கினார்கள். வண்ணம் தீட்ட ஆள் வைத்தால் விலை கட்டுப்படியாகாது. ஆகவே உருவங்களை வெறும் உலோகமாகவே விற்றார்கள். பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மென்பிளாஸ்டிக் வீரர்கள் சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்கே பெட்டி பெட்டியாகக் கிடைத்தார்கள். 1962இல் வெளிவந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ நூல் இந்த ஆர்வத்துக்கு ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. கூலிக்காரப் பெண்ணும் குழந்தையும் செய்த வேலை இப்படி எழுத்தர், ஆசிரியர், மாணவர் ஆகியோரின் ஓய்வு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஓவியம் பயிலாதவர்கள். கையில் இருந்ததோ எனாமல்: மணிக்கணக்கில் உலராது, வாடை வீசும், பிரஷ்ஷைக் கழுவ டர்பன்டைன் போன்ற கரைப்பான் வேண்டும். மென்பிளாஸ்டிக் வீரனின் துப்பாக்கி வளைந்தால் அதன் மேல் பூசியது செதில் செதிலாக உதிரும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவை இரண்டு: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும், படிப்படியாகப் பிரித்துச் சொல்லப்பட்ட செய்முறையும். 1950களின் நடுவில் அமெரிக்காவில் ஓவியர்களுக்காகச் சந்தைக்கு வந்த அக்ரிலிக், 1980களில் பொம்மை வண்ணமாகப் பரவியது. நாட்டிங்ஹாம்ஷயரில் 1970களின் இறுதியில் தோன்றிய சிட்டாடல் மினியேச்சர்ஸ் நிறுவனம், 1983இல் ‘வார்ஹேமர்’ விளையாட்டு வந்தபின், வார்ப்பையும் விதிநூலையும் வண்ணப் புட்டியையும் ஒரே கடையில் வைத்து விற்கும் நிலைக்கு வளர்ந்தது. புதியவருக்குச் சொல்லித்தரப்படும் முறையை ஒரு வீரனின் மேலங்கியில் பாருங்கள். முதலில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அது இல்லாவிட்டால் மேலே வருவது ஒட்டாது. அடுத்து, தண்ணீர் கலந்து இளக்கிய சிவப்பை அங்கி முழுக்க ஒரே சீராகப் பூசுவார்கள். அது உலர்ந்ததும் வாஷ் எனப்படும் நீர்த்த கருஞ்சிவப்பைத் தாராளமாக மேலே விட்டால், அது மடிப்புகளின் பள்ளத்தில் தானே இறங்கித் தேங்கி நிழலாகிவிடும். கடைசியாக டிரை பிரஷ்: வெளிர் சிவப்பில் தொட்ட பிரஷ்ஷைக் காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றும் இல்லாத நிலையில் அங்கியின் மேல் லேசாக இழுத்தால், மேடான இடங்கள் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழலையும் ஒளியையும் வரைந்தது புதியவரின் கை அல்ல. சிற்பி வெட்டிவைத்த மேடு பள்ளம். இந்த அளவு உருவங்களில் தலை, கை, துணி மடிப்பு எல்லாம் இயல்புக்கு மீறிப் பெரிதாகவும் ஆழமாகவும் இருப்பது தூரத்திலிருந்து தெரிவதற்காக. அதே ஆழம்தான் வாஷுக்கும் இடம் கொடுக்கிறது. நியூரம்பெர்க் கற்பலகையின் கோடு செய்த உதவியை இங்கே பிளாஸ்டிக்கின் பள்ளம் செய்கிறது.

இது பழகாத கைகளை நம்பி அமைந்த வேலை என்ற கருத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது, அந்த வீட்டுக் கூலித் தொழிலாளர்களைப் பழகாதவர்கள் என்று சொல்லலாமா என்பது. ஒரே சட்டையை ஆயிரம் முறை தீட்டிய பெண்ணின் கைக்கு இன்றைய ஆர்வலர் எவரும் காட்ட முடியாத வேகம் இருந்திருக்கும். வறுமையால் செய்த வேலையை ஓய்வுநேரத் தொடக்கத்தோடு ஒப்பிடுவது அவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகவும் தோன்றலாம். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது கூலி, அதுவும் குறைந்த கூலி, அவர்களின் பெயர்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆனால் இங்கே எழும் கேள்வி அந்த வேலை யாரை எண்ணி வடிவமைக்கப்பட்டது என்பதுதான். பயிற்சிக்குக் காசும் காலமும் செலவழிக்காமல், ஒரு குழந்தை உட்கார்ந்தவுடன் செய்யக்கூடியதாக இருந்தால்தான் எண்ணிக்கைக் கூலி முறை நடக்கும். வேகம் பிறகு வந்தது. நுழைவுக்கு அது நிபந்தனையாக இல்லை. இன்று புதியவருக்குக் கிடைக்கும் எளிய வழியின் வேர், பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களின் மேசையில்தான் இருக்கிறது. அதைச் சொல்வது அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுப்பதே ஆகும்.

இரண்டாவது மறுப்பு உச்சத்தைக் காட்டுகிறது. 1987 முதல் நடந்துவரும் ‘கோல்டன் டீமன்’ வண்ணம் தீட்டும் போட்டியில் பரிசு பெறும் உருவங்களைப் பார்க்கிறவர், இதைப் பழகாத கையின் வேலை என்று எப்படிச் சொல்வார்? உலோகப் பூச்சே இல்லாமல் சாதாரண நிறங்களைக் கொண்டு வாளின் மினுமினுப்பை வரவழைப்பது வருடக்கணக்கான உழைப்பின் பலன். அந்த உச்சம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அது கண்ணாடிப் பேழைக்கான ஒற்றை உருவம். விளையாட்டுக்கு வேண்டியது படை. மேசையின் அளவுகோல் வேறு என்பதை விதிகளே சொல்கின்றன. 2020இல் வந்த ‘வார்ஹேமர் 40,000’ 9ஆம் பதிப்பில், வண்ணம் தீட்டி முடித்த படைக்கு 100 புள்ளிகளில் 10 ஒதுக்கப்பட்டது. அதற்கு வேண்டியது முக்கிய இடங்களில் அடிப்படை நிறங்களும், வீரன் நிற்கும் அடித்தட்டை முடித்திருப்பதும்தான். அழகுக்குத் தனி மதிப்பெண் இல்லை. இலக்கணம் தெரியாமல் கவிதை எழுத முடியாது என்று சொல்வோர், பேச்சு மொழியால் உலகம் நடப்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு வணிகம் பற்றியது. 2019இல் சிட்டாடல் கொண்டுவந்த ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்கள், வெளிர் ப்ரைமர் மேல் ஒரே பூச்சில் நிறத்தையும் நிழலையும் தருகின்றன. இது புட்டி விற்கும் உத்தி, புதியவரைக் கற்கவிடாமல் தடுக்கும் குறுக்குவழி என்கிறார்கள். நிறுவனம் லாபத்துக்காகத்தான் விற்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் குறுக்குவழியை நிறுவனம் கண்டுபிடித்து ஆட்டக்காரர் தலையில் கட்டவில்லை. மரச்சாமானுக்குப் பூசும் நிற வார்னிஷில் வீரனை அப்படியே முக்கி எடுத்து உதறும் வழக்கத்தை ஆட்டக்காரர்களே பல ஆண்டுகளுக்கு முன் பழக்கியிருந்தார்கள். இந்தச் சிறு உருவங்களுக்கென்றே அப்படி ஒரு வார்னிஷைத் தகர டப்பாவில் அடைத்து விற்கும் நிறுவனம் அதற்குப் பிறகுதான் வந்தது. கற்பதற்கு இது தடை என்பதும் சரியல்ல. பள்ளத்தில் நிறம் தேங்குவதையும் மேட்டில் வெளுப்பதையும் ஒரு மாலைப்பொழுதில் கண்ணால் பார்த்துவிட்டவர், ஒளி எங்கே விழும் என்ற பாடத்தின் முதல் பகுதியைப் படித்துவிட்டார். முடிக்கப்படாத சாம்பல் படை அலமாரியில் கிடந்தால் அந்தப் பாடமே தொடங்காது.

ஆகவே புதியவர் தம்மை ஓவியர்களோடு ஒப்பிட்டுக் குன்றிப்போக வேண்டியதில்லை. இந்தக் கைத்தொழிலின் மரபு அவர் பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் செதுக்குகிறவரும் வண்ணம் காய்ச்சுகிறவரும் தங்கள் தேர்ச்சியைப் பொருளுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தீட்டுகிறவரிடம் எதிர்பார்த்தது பொறுமையும் வரிசையும் மட்டுமே. பழகியவர்களின் கடமையும் இதிலிருந்தே பிறக்கிறது. புதியவரின் முதல் படையில் குறை தேடாமல், ப்ரைமர் ஏன் முதலில், வண்ணத்தில் ஏன் தண்ணீர், வாஷை எப்போது நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாசல் குறுகினால் இந்தக் கலை உயர்ந்துவிடாது. ஆள் குறைந்து தேய்ந்துபோகும். அது இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், முதல் நாளிலேயே எவர் கையும் ஒரு வீரனை முடித்துவைக்கும்படி அதை அமைத்தவர்கள்தான்.