டாயின்பி ஹால்

டாயின்பி ஹால், லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சாப்பலில் கமர்ஷியல் தெருவில் அமைந்துள்ள சமூகப் பணி நிறுவனம். ஆங்கிலிக்கன் குருவானவர் சாமுவேல் பார்னெட்டும் (1844–1913) அவருடைய மனைவி ஹென்ரியட்டா பார்னெட்டும் (1851–1936) 1884இல் இதைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருக்க வேண்டும், அவர்களுக்கு அண்டை வீட்டாராகப் பழக வேண்டும், தெரிந்ததைக் கற்பித்துத் தெரியாததைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கொள்கை. உலகெங்கும் பரவிய குடியமர்வு இயக்கத்துக்கு இதுவே முன்மாதிரி. பிரிட்டனின் சமூகநல அரசை உருவாக்கியவர்களில் பலர் இளம் வயதில் இங்கே தங்கிப் பணியாற்றியவர்கள்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் உலகின் மிகப் பெரிய நகரமாக இருந்தது. அதன் மேற்கில் செல்வம் குவிந்தது. கிழக்கில் துறைமுகக் கூலிகளும் தையல் தொழிலாளரும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். துறைமுகக் கூலிக்கு நிச்சயமான வேலை கிடையாது. காலையில் வாயிலில் நின்று, மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைய பிழைப்பு. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் நடந்த வன்முறைக்குத் தப்பிய யூதக் குடும்பங்களும் இங்கேதான் வந்து சேர்ந்தன.

படித்தவர்கள் இந்த மக்களோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பார்னெட்டுக்கு முன்பே தோன்றியது. ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரின் மகனும் ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரியுமான எட்வர்ட் டெனிசன் 1867இல் ஸ்டெப்னிக்குக் குடிவந்து தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தினார். 1870இல் இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். தனிமனிதர் ஒருவரின் முயற்சி அவரோடு முடிந்துவிடாமல் தொடர ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

பார்னெட் தம்பதியர்

பிரிஸ்டலில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரியில் படித்த சாமுவேல் பார்னெட், லண்டனின் மேரிலபோன் பகுதியில் உதவிக் குருவாக இருந்தார். ஏழைகளின் வீட்டுவசதிக்காக உழைத்த ஆக்டேவியா ஹில்லுடன் பணியாற்றியவர் ஹென்ரியட்டா ரோலண்ட். இருவரும் 1873இல் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டில் ஒயிட்சாப்பலின் புனித யூதா சேகரத்தை ஏற்றார்கள். வசதியான சேகரம் ஒன்று கிடைக்கக்கூடிய நிலை இருந்தும் பார்னெட் விரும்பித் தேர்ந்தெடுத்த இடம் அது.

முதல் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் ஆறேழு மூதாட்டிகள். வந்ததற்குத் தருமம் கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் காசு கொடுப்பது மனிதரைக் கையேந்த வைத்தே கெடுத்துவிடும் என்று அந்நாளில் பார்னெட் உறுதியாக நம்பினார், கொடுக்க மறுத்தார். கோபம் கொண்ட கூட்டம் அவர் வீட்டு வாசலை முற்றுகையிட்டுக் கல்லெறிந்த நாள்களும் உண்டு. அத்தகைய நேரங்களில் வெளியேறிக் காவலரை அழைத்துவர, குருமனையிலிருந்து ஆலயத்துக்குள் செல்லும் தனிக் கதவு ஒன்றை அமைக்க நேர்ந்தது. பத்தாண்டு அனுபவம் அவருடைய கருத்தை மாற்றியது. தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் வறுமை தீராது, முதியோர் ஓய்வூதியம் போன்ற காரியங்களை அரசே செய்தாக வேண்டும் என்று 1883 முதல் வெளிப்படையாக எழுதத் தொடங்கினார். களத்தில் கண்டதைக்கொண்டு தன் கொள்கையைத் திருத்திக்கொண்ட இந்த நேர்மையே அவருடைய தலைமையின் சிறப்பு.

தொடக்கம்

1883 அக்டோபரில் லண்டன் ஏழைகளின் நிலையை விவரிக்கும் சிறு வெளியீடு ஒன்று நாட்டையே உலுக்கியது. அடுத்த மாதம் பார்னெட் ஆக்ஸ்ஃபோர்டின் புனித யோவான் கல்லூரியில் மாணவர்களிடையே ஒரு கட்டுரை வாசித்தார். கல்லூரிகள் கிழக்கு லண்டனில் ஒரு மிஷன் ஆலயம் கட்டிப் பிரசங்கியாரை அனுப்புவது போதாது என்றார். படித்தவர்கள் தாங்களே வந்து குடியிருந்து, பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, மாலை நேரத்தை அக்கம்பக்கத்தாருக்குத் தர வேண்டும் என்பதே அவர் வைத்த திட்டம்.

மாணவர்கள் அதை ஏற்றார்கள். பல்கலைக்கழகக் குடியமர்வுச் சங்கம் 1884இல் உருவானது. கமர்ஷியல் தெருவில் புனித யூதா ஆலயத்தை அடுத்திருந்த பழைய தொழிற்பள்ளி இடத்தை வாங்கி, கட்டடக் கலைஞர் எலைஜா ஹூல் வடிவமைத்த இல்லத்தை எழுப்பினார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், பொது உணவுக்கூடம், விரிவுரைக் கூடம் என ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றின் சாயலில் அது அமைந்தது. பொருளியல் வரலாற்றாளர் ஆர்னல்டு டாயின்பியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பேலியல் கல்லூரி ஆசிரியரான அவர் ஒயிட்சாப்பலுக்கு வந்து பார்னெட்டுடன் பணியாற்றியவர். 1883 மார்ச்சில் 30 வயதில் இறந்தார். 1884 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு முதல் குடியிருப்பாளர்கள் புதிய இல்லத்தில் தங்கினார்கள். பார்னெட் முதல் வார்டனாகி 1906 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

பணிகள்

கல்வி: மாலை வகுப்புகளும் விரிவுரைகளும் இல்லத்தின் உயிர்நாடியாக இருந்தன. பகலில் வேலை செய்துகொண்டே படிக்கும் எழுத்தர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாதம் ஹவுஸ், பேலியல் ஹவுஸ் என்ற மாணவர் விடுதிகள் இணைக்கப்பட்டன. 1888இல் பயணக் குழு ஒன்று உருவாகி, வெளிநாட்டுப் பயணம் வசதியானவர்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் உழைக்கும் ஆண்களையும் பெண்களையும் இத்தாலியின் புளோரன்ஸுக்கு அழைத்துச் சென்றது. குடியிருப்பாளர் சி. ஆர். ஆஷ்பியின் வாசிப்பு வகுப்பு உணவுக்கூடச் சுவர்களை அலங்கரிக்கும் கைவேலையில் இறங்கியது. அந்த முயற்சி 1888இல் கைவினைஞர் சங்கமும் பள்ளியுமாக வளர்ந்தது.

கலை: 1881 முதல் ஒவ்வோர் ஈஸ்டர் காலத்திலும் புனித யூதா பள்ளி அறைகளில் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஜி. எஃப். வாட்ஸ் போன்ற முன்னணி ஓவியர்களின் படங்கள் இரவலாக வந்தன. உழைப்பவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள் என்பதால் ஞாயிறன்றும் கண்காட்சியைத் திறந்து வைத்தார் பார்னெட். ஓய்வுநாள் ஆசரிப்பை வலியுறுத்திய சபையார் கடுமையாக எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எளிய நடையில் விளக்கம் எழுதினார், கூட்டத்துக்கு நடுவே நின்று விளக்கினார். பார்வையாளர்கள் தங்களுக்குப் பிடித்த படத்துக்கு வாக்களித்தார்கள். இதன் தொடர்ச்சியாக 1901இல் ஒயிட்சாப்பல் கலைக்கூடம் நிரந்தரக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் 1939இல் இங்கு வைக்கப்பட்டபோது, முன்னாள் டாயின்பி ஹால் செயலாளரான கிளமென்ட் அட்லி அந்தக் கண்காட்சியைத் திறந்துவைத்தார்.

தொழிலாளர் நலன்: 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுத் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு இல்லத்தார் துணைநின்றார்கள். அங்கிருந்த லெவலின் ஸ்மித்தும் வான் நாஷும் அந்தப் போராட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்கள். லண்டன் மக்களின் வாழ்நிலையைத் தெருத் தெருவாக ஆராய்ந்த சார்லஸ் பூத்தின் ஆய்விலும் லெவலின் ஸ்மித் பங்கேற்றார்.

சட்ட உதவி: வாடகைத் தகராறு, கூலி பாக்கி போன்றவற்றில் ஏழைகளுக்கு இலவச ஆலோசனை தரும் சேவை 1898இல் தொடங்கியது. வழக்கறிஞர்கள் மாலையில் வந்து ஊதியமின்றி உதவினார்கள். இச்சேவை இன்றும் தொடர்கிறது.

அறிவியலும் இந்தக் கூடத்துக்கு வந்தது. 1896 டிசம்பர் 12 அன்று அஞ்சல் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இங்கே பொதுமக்களுக்கு உரையாற்றினார். அவர் மேடையில் விசையை அழுத்தும்போதெல்லாம், இளைஞர் மார்க்கோனி அவையினரிடையே எடுத்துச் சென்ற பெட்டியில் மணி ஒலித்தது. கம்பியில்லாத் தந்தியைப் பொதுமக்கள் நேரில் கண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸும் சமயக் கேள்வியும்

டாயின்பி ஹாலில் தங்குவதற்குச் சமய நிபந்தனை எதுவும் இல்லை. யூதர், கத்தோலிக்கர், கடவுள் நம்பிக்கை அற்றவர் என யாரும் சேரலாம். வகுப்புகளை மதமாற்றக் கருவியாக ஆக்கவும் பார்னெட் இடம் தரவில்லை. ஆலயத்தில் ஆராதனை நடத்திய அதே மனிதர், அடுத்த வாசலில் எந்த மதத்தாரும் கூச்சமின்றி நுழையும் வீட்டைத் திறந்துவைத்தார்.

இந்தப் போக்கு ஆங்கிலிக்கன் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு உவப்பாக இல்லை. சமூகப் பணி திருச்சபை வாழ்வில் வேரூன்றியிருக்க வேண்டும் என்று கருதிய கீபிள் கல்லூரியினர், 1884இலேயே பெத்னல் கிரீனில் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸைத் தொடங்கினார்கள். அங்கு ஜெபம், வேதபாடம், சேகரப் பணி ஆகியவற்றோடு தொழிலாளர் மன்றங்களும் சிறுவர் மன்றங்களும் இணைந்து நடந்தன. அதன் தலைவர்களில் ஹென்ஸ்லி ஹென்சன் பின்னாளில் டர்ஹம் பேராயரானார். வின்னிங்டன்-இங்ரம் 1901 முதல் 1939 வரை லண்டன் பேராயராக இருந்தார். இங்கு பணியாற்றிய டிக் ஷெப்பர்ட், பின்னர் டிரஃபால்கர் சதுக்கத்தின் புனித மார்ட்டின் ஆலயத்தை வீடற்றோருக்குத் திறந்துவிட்டுப் புகழ்பெற்றார். டாயின்பி ஹால் ஆட்சியாளர்களையும் ஆய்வாளர்களையும் வளர்த்தது, ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் திருச்சபைத் தலைவர்களை வளர்த்தது. கிழக்கு லண்டனுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

பெண்களின் பங்கு

டாயின்பி ஹால் தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே தங்கும் இடம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள் 1887இல் சதர்க்கில் பெண்கள் பல்கலைக்கழகக் குடியமர்வைத் தொடங்கினார்கள். பெத்னல் கிரீனில் புனித மார்கரெட் இல்லம் 1889இல் உருவானது. ஹென்ரியட்டா பார்னெட்டின் பணி தனியே குறிக்கத்தக்கது. ஒயிட்சாப்பல் குழந்தைகளை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பும் திட்டத்தை அவர் வளர்த்தார். பல தரப்பு மக்களும் அருகருகே வாழ வேண்டும் என்ற கனவோடு 1907இல் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரை உருவாக்கினார்.

உருவான தலைவர்கள்

பேலியல் கல்லூரித் தலைவர் எட்வர்ட் கெயர்ட் தம் மாணவர்களை, இத்தனை செல்வம் உள்ள நாட்டில் இத்தனை வறுமை ஏன் என்று கண்டறியக் கிழக்கு லண்டனுக்குப் போகுமாறு தூண்டினார். அப்படி வந்தவர்களில் வில்லியம் பெவரிட்ஜும் ஆர். எச். டானியும் முக்கியமானவர்கள். 1903 முதல் 1905 வரை துணை வார்டனாக இருந்த பெவரிட்ஜ், வேலையின்மையைப் பற்றி இங்கே கற்றதைக்கொண்டு அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் அமைய வழிவகுத்தார். 1942இல் அவர் அளித்த அறிக்கை பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளம். அந்தத் திட்டத்தைச் சட்டமாக்கி, 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கியது அட்லியின் அரசு. ஸ்டெப்னியில் சிறுவர் மன்றம் நடத்தி, டாயின்பி ஹாலில் சில காலம் செயலாளராக இருந்த அந்த அட்லியே இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமர். டானியோ தொழிலாளர் கல்விச் சங்கத்தின் தூண்களில் ஒருவராகி வயதுவந்தோர் கல்விக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தார்.

விமர்சனங்கள்

கிழக்கு லண்டன் தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி இந்த இயக்கத்தைக் கடுமையாகச் சாடினார். ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் சில ஆண்டுகளில் ஏழைகளை விட்டுவிட்டுப் பதவிகளுக்கு ஏறிப்போகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நல்லது எது என்பதை மேல்வர்க்கத்தாரே முடிவுசெய்து கொடுக்கும் மனப்பான்மை இதில் உண்டு என்பது பிற்கால ஆய்வாளர்களின் விமர்சனம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் போனவர்கள் கையோடு கொண்டுபோன அறிவு சட்டமாகித் திரும்பி வந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உலகிலும் இந்தியாவிலும்

1888இல் டாயின்பி ஹாலைப் பார்த்த அமெரிக்கப் பெண்மணி ஜேன் ஆடம்ஸ், அடுத்த ஆண்டே சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1931இல் அமைதி நோபல் பரிசு பெற்றார். அதே 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்த காந்தியடிகள், ஆடம்பர விடுதிகளைத் தவிர்த்து, கிழக்கு லண்டனின் போ பகுதியிலுள்ள கிங்ஸ்லி ஹாலில் ஏழைகளோடு தங்கினார். மியூரியல் லெஸ்டரும் டோரிஸ் லெஸ்டரும் நிறுவிய அந்த இல்லம் ஆங்கிலிக்கன் அமைப்பு அல்ல, ஆனால் குடியமர்வுக் கொள்கையில் பிறந்ததுதான்.

காந்தியின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ், தென்கிழக்கு லண்டனின் வால்வொர்த்தில் கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரி நடத்திய மிஷனில் இளம் ஆங்கிலிக்கன் குருவாக உழைத்தவர். 1904இல் டெல்லி புனித ஸ்தேவான் கல்லூரிக்கு வந்தார். தமிழர் உட்பட ஃபிஜி ஒப்பந்தக் கூலிகளின் குடிசைகளுக்கே சென்று பார்த்து, அந்த முறையை ஒழிக்கப் போராடினார். பம்பாயின் நாக்பாடாவில் கிளிஃபர்டு மான்ஷார்ட் நடத்திய அண்டை அயல் இல்லத்திலிருந்து 1936இல் உருவான சமூகப் பணிக் கல்லூரியே இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். தமிழ்நாட்டில் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊரார் அழைக்க, நோயாளிகளின் நடுவிலேயே வாழ்ந்தார்கள். வேர் வேறானாலும் உடன்வாழ்தலே அவர்களுக்கும் முதல் கடமையாக இருந்தது.

பிற்காலம்

1919 முதல் 1954 வரை வார்டனாக இருந்த ஜே. ஜே. மாலன் காலத்தில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு கட்டடத்தின் ஒரு பகுதியை அழித்தது. குழந்தை வறுமைக்கு எதிரான செயற்குழு 1965இல் இங்கு நடந்த கூட்டத்தில் பிறந்தது. 1963இல் அமைச்சர் பதவியை இழந்த ஜான் புரொஃபியூமோ, இங்கே தொண்டராகச் சேர்ந்து வாழ்நாள் முழுதும் சேவை செய்தார். யூதர்கள் வாழ்ந்த தெருக்களில் பின்னர் வங்கதேச மக்கள் குடியேறினார்கள். கடன் ஆலோசனை, சட்ட உதவி, முதியோர் பணி ஆகியவை இன்று அவர்களுக்கும் கிடைக்கின்றன.

முக்கியத்துவம்

மாணவர் ஐக்கியங்கள் விடுமுறை நாளில் சேரிக்குச் சென்று பொருள் வழங்கித் திரும்புவது எங்கும் காணப்படும் வழக்கம். டாயின்பி ஹால் காட்டிய வழி அதைவிடக் கடினமானது. அண்டை வீட்டில் இருப்பவருக்கே கூலி எப்போது நிற்கிறது, வாடகை எப்படி ஏறுகிறது, குழந்தை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பது தெரியும். பெவரிட்ஜும் டானியும் ஆண்ட்ரூஸும் தலைவர்களானது தலைமைப் பயிற்சி முகாம்களால் அன்று, இத்தகைய தெருக்களில் வாழ்ந்ததால்தான். சேவை செய்ய விரும்பும் எந்த மாணவர் அமைப்பும் டாயின்பி ஹாலின் வரலாற்றிலிருந்து முதலில் கற்க வேண்டியது இதுவே.