வீட்டுப் பெயின்டில் ஈயம்: இந்தியக் கட்டுப்பாட்டின் வரலாறு

வீடுகளில் பூசும் பெயின்டில் ஈயத்தின் அளவைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவர்களும் ஆய்வாளர்களும் தன்னார்வ அமைப்புகளும் 1990-களின் இறுதியிலிருந்து வலியுறுத்தி வந்தனர். அதன் பயனாக 2016 நவம்பர் 1 அன்று மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், வீட்டுப் பெயின்டிலும் அலங்காரப் பெயின்டிலும் உள்ள ஈயம் குறித்த விதிகளை வெளியிட்டது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கலந்த இவ்வகைப் பெயின்டைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்த விதிகள் தடைசெய்கின்றன.

பெயின்டில் ஈயம் தற்செயலாகச் சேருவதில்லை. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்காக ஈய குரோமேட்டும், சீக்கிரம் உலர்வதற்காக வேறு சில ஈயச் சேர்மங்களும் சேர்க்கப்பட்டன. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரிலும் எமல்ஷனிலும் இது குறைவு. கதவு, ஜன்னல், பால்கனி கிரில், தொட்டில் ஆகியவற்றுக்கு அடிக்கும் எனாமலில்தான் அதிகம். அதாவது குழந்தையின் கையும் வாயும் எட்டும் இடங்களில். வெயிலிலும் மழையிலும் பூச்சு பொடிந்து தூசியாகிறது. தவழும் குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில் வைக்கிறது. உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஈயம் எலும்பில் தங்கிவிடும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க வரம்பே ஈயத்துக்குக் கிடையாது.

இந்த ஆபத்து உலகுக்குத் தெரிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குழந்தைகளுக்கு வந்த ஈய நச்சுக்கு, வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளிலும் சுவர்களிலும் அடித்த பெயின்டே காரணம் என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904-ல் எழுதினார். குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் அந்தப் பெயின்டை அடிக்க 1922-ல்தான் அங்கே தடை வந்தது. அதற்கு முன்பே, 1909-ல், பிரான்ஸ் ஈய வெள்ளைக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-ல் தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. அமெரிக்கா 1978-ல் 600 பங்கு என வரம்பு வைத்து, 2009-ல் அதை 90 ஆகக் குறைத்தது.

இந்தியாவில் முதலில் கவனம் பெற்றது பெட்ரோல். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை, சென்னை உட்படப் பல நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் அதே அறக்கட்டளை பெங்களூரில் பன்னாட்டு மாநாட்டைக் கூட்டியது. உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் ஈய நச்சுக்கென்று ஒரு தேசிய மையத்தை நிறுவிப் பல ஆண்டுகள் உழைத்தார்.

பெட்ரோலில் ஈயம் நின்றபின் பெயின்ட் மீது பார்வை திரும்பியது. 2006-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் கிளார்க் குழுவினர் இந்தியா, சீனா, மலேசியா கடைகளில் வாங்கிய புதுப் பெயின்டைச் சோதித்தார்கள். 78 சதவீத மாதிரிகளில் 600 பங்கோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. சட்டம் இருந்த சிங்கப்பூரில் அது வெறும் 9 சதவீதம். சில பிராண்டுகள் ஒரு நாட்டில் ஈயத்தோடும் இன்னொரு நாட்டில் அமெரிக்க வரம்புக்குள்ளும் விற்றதையும் அந்த ஆய்வு காட்டியது. ஈயமில்லாமல் பெயின்ட் செய்யும் வழி கம்பெனிகளுக்குத் தெரிந்தே இருந்தது. இங்கே அப்படிச் செய்யச் சொல்ல ஆளில்லை. 2007-ல் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு, இந்தியப் பெயின்டுகள் பற்றிய தன் சோதனை அறிக்கையை வெளியிட்டது. பிரபல பிராண்டுகளின் எனாமல்களிலும் ஈயம் மிகுந்திருந்தது. நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதின.

சென்னையிலேயே செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. அனன்யா ராய், ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் முதலானோர் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தனர். சராசரி ஈய அளவு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் மிகுந்திருந்ததை அவர்களின் ஆசிரியர்கள் அளித்த மதிப்பெண்கள் காட்டின. பெட்ரோல் ஈயம் ஒழிந்த பிறகும் நகரத்துப் பிள்ளைகளின் நிலைமை இதுதான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் முன்பே ஒரு வரம்பு வைத்திருந்தது. 1,000 பங்கு என்ற அந்த வரம்பை விரும்பியவர் பின்பற்றலாம், மற்றவர் விட்டுவிடலாம். அந்த அளவு பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டபோதும் கட்டாயம் ஆகவில்லை. பெரிய கம்பெனிகள் சில, விளம்பரத்துக்காகவும் ஏற்றுமதிக்காகவும் ஈயத்தைத் தாமாகவே விட்டன. கட்டாயச் சட்டத்தின் தேவையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று வேறில்லை: விட முடிந்தவர்கள் விட்டார்கள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள் 90 பங்கு என்ற வரம்பைக் கட்டாயமாக்கின. தயாரிப்புக்கு அவை 2017 நவம்பர் 1 முதல் பொருந்தின. டப்பாவின் மேல் ஈய அளவைக் குறிப்பிடுவதும் கடமை ஆயிற்று.

ஆனாலும் வேலை பாதியில் நிற்கிறது. விதிகள் வந்த பிறகும் சிறு உற்பத்தியாளர்களின் எனாமலில் வரம்பை மீறிய ஈயம் இருப்பதைத் தன்னார்வ அமைப்புகளின் சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. தொழிற்சாலைப் பெயின்டுக்கு இந்த விதிகள் பொருந்தாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஏற்கெனவே சுவரிலும் கிரில்லிலும் ஒட்டியிருக்கும் பெயின்டைப் பற்றி விதிகள் பேசாததுதான்.

சென்னையின் கோட்டூர்புரம் போன்ற பகுதிகளின் பழைய குடியிருப்புகளில் கிரில்லும் கதவும் பல அடுக்கு எனாமலைச் சுமக்கின்றன. பொங்கலுக்கு முன் பெயின்டர் வந்து உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது அடியில் உள்ள பழைய அடுக்கும் சேர்ந்து தூளாகிறது. அவர் முகத்தில் கட்டியிருப்பது ஒரு கைக்குட்டை மட்டும். அந்தத் தூளைப் பெருக்கினால் மறுபடி காற்றில் கிளம்பும். நனைத்துத் தேய்ப்பதும், தரையில் பிளாஸ்டிக் விரிப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறையை விட்டு விலக்கி வைப்பதும் செலவில்லாத தற்காப்புகள்.

அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், தமக்குத் தெரிந்த ஈயப் பெயின்ட் விவரத்தை வாங்குபவருக்கோ வாடகைக்கு வருபவருக்கோ தெரிவித்தாக வேண்டும். 1992-ல் இயற்றிய சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2016-ன் இந்திய விதிகளில் அப்படி ஒரு கடமை இல்லை.