உயிர் மீண்ட ஓட்டுநர்கள்: பந்தயத் தடம் புகட்டும் பாடம்



2005-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், சீனாவின் ஷாங்காய் நகரில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் அணியின் மகிழுந்து கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதிச் சிதைந்தது. அவரோ காயமின்றி வெளியே வந்தார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் நம் சிப்பாங் தடத்தில் 11-ஆவதாக வந்தவர் அவர். இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது, ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்போம். ஆனால், இதனை நல்ல நேரம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டூவர்ட்டின் வாகனம் தடத்தைவிட்டுத் தூக்கியெறியப்பட்டது. எரிபொருள் ஒழுகி உடலை நனைக்க, அவர் உள்ளேயே சிக்கிக்கொண்டார். அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்கள். முறையான மீட்புக் குழு அங்கு இல்லை. பிழைத்தெழுந்த அவர், பாதுகாப்பு வார், தடுப்பு வேலி, மருத்துவ வசதி ஆகியவற்றுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். ‘கோழை’ என்ற ஏச்சையும் பொருட்படுத்தவில்லை.

1976 ஆகஸ்டு 1-ஆம் நாள், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நிக்கி லாடா தீயில் கருகினார். அவரையும் சக ஓட்டுநர்களே வெளியே இழுத்தனர். ஆறே வாரங்களில் இத்தாலியின் மோன்சாவில் மீண்டும் களமிறங்கி நான்காம் இடம் பெற்றார். அவர் மனவுறுதியை உலகம் போற்றியது. அதனினும் முக்கியமான செய்தி, அந்த நீண்ட பழைய தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம் பிறகு நடத்தப்படவே இல்லை என்பதாகும்.

ஒவ்வொரு விபத்தும் ஆராயப்பட்டது; ஒவ்வொன்றும் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. 1981-இல் மெக்லாரன் அணி கரியிழையாலான உறுதிமிக்க உடற்கூட்டை அறிமுகப்படுத்தியது. 2003-இல் கழுத்து முறியாமல் காக்கும் ஹான்ஸ் கருவி கட்டாயமானது. ஷாங்காயில் நரேனைக் காத்தவை இத்தகைய ஏற்பாடுகளே. 2018-இல் ஓட்டுநரின் தலையைச் சூழ்ந்து நிற்கும் ‘ஹாலோ’ என்னும் வளையம் வந்தது. அதனைத் தொடக்கத்தில் எதிர்த்தவர்களுள் ரொமெய்ன் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பர் 29-இல் பஹ்ரைனில் அவருடைய வாகனம் இரும்புத் தடுப்பைப் பிளந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 28 விநாடிகள் தீயினுள் இருந்தும் அவர் உயிருடன் வெளியேறினார். தாம் எதிர்த்த வளையமே தம்மைக் காத்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நம் பிள்ளைகள் அறிந்த நடிகர் அஜித் குமாரும் 2025 சனவரியில் துபாயில் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகி, நலமுடன் இறங்கி வந்தார். காணொளியில் பிள்ளைகள் கண்டது வேகத்தை. அவர் அணிந்திருந்த கவசங்களையும் வார்களையும் சுட்டிக்காட்டுவது நம் கடமையன்றோ?

கேமரன் மலையில் வாழும் நமக்கு இப்பாடம் மிக அணுக்கமானது. தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய்க்கோ இறங்கும் சாலைகள் வளைவுகள் நிறைந்தவை. 2010 டிசம்பர் 20-இல் இம்மலைச் சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நம் நாட்டில் பின்னிருக்கைப் பயணிகளுக்குப் பாதுகாப்பு வார் 2009 முதல் கட்டாயம். மகிழுந்தில் சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். ஆயினும், காலையில் பள்ளி வாயிலில் வந்து நிற்கும் வாகனங்கள் சிலவற்றில் பிள்ளைகள் பின்னிருக்கையில் நின்றுகொண்டே வருவதை நான் இன்றும் காண்கிறேன். ‘தோட்டத்திலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர்தானே, ஆசிரியை!’ என்பது பெற்றோர் கூறும் விடை.

உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களே வாரின்றித் தடத்தில் இறங்குவதில்லை. வளைவு, தூரத்தைக் கேட்டு வருவதில்லை. நாளைக் காலை வாகனத்தை இயக்கும் முன், பின்னிருக்கையை ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.