நிலத்தோடு நீர் கூட்டிய பேராசிரியர்

உணவால் ஆனது உடம்பு. மண்ணும் நீரும் கூடினால்தான் உணவு. ஆகவே நிலத்தோடு நீரைச் சேர்த்தவர்களே உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார் குடபுலவியனார். புறநானூற்றின் 18ஆம் பாட்டு அது. பள்ளம் கண்ட இடமெல்லாம் நீரைத் தேக்கச் சொல்லி வேந்தனுக்கே பாடம் நடத்திய புலவர் மரபு நம்முடையது. அந்தப் பாட்டின் உண்மையைப் பாலைவனத்தில் பரிசோதித்துப் பார்த்த மண் இயற்பியலாளர் டேனியல் ஹில்லெலை இம்மண்வள மலரில் போற்றுவது பொருத்தம்.

1930இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, பாலஸ்தீனத்தில் வளர்ந்தவர். ஜார்ஜியா, ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு 1951இல் இஸ்ரேல் திரும்பினார். மறு ஆண்டே நெகேவ் பாலையில் ஸ்தே போக்கேர் குடியிருப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1957இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே பேராசிரியர் பணி; பின்பு மாசசூசெட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்கள்.

நெகேவில் ஸ்தே போக்கேர் பகுதியில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். அங்குள்ள நுண்மண்ணில் மழைத்துளி அறைந்ததும் மேலே பொருக்குத் தட்டிவிடும். நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். பயிருக்குக் கேடான இந்தக் குணத்தையே நபத்தேயர் என்ற மக்கள் பழங்காலத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள். சரிவுகளில் ஓடிவரும் நீரைக் கல்வரப்புகளால் திருப்பி, பள்ளத்தாக்கின் சிறு வயல்களில் நிறுத்தினார்கள். வயலைப்போலச் சுமார் இருபது மடங்கு சரிவு அதற்கு நீர் தந்தது. அந்த ஓட்டத்தின் இயற்பியலை ஹில்லெல் ஆராய்ந்தார்.

அவரது பெரும்புகழ் பாசனத்தால் வந்தது. வயலை நிரம்பப் பாய்ச்சி, காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவதே பழைய முறை. மண் காயக் காய எஞ்சிய ஈரத்தை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேர் அதை இழுக்கத் திணறுகிறது. ஆகவே வேர் இருக்கும் இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி நீர் கொடுப்பதே சரி என்பதற்கு அறிவியல் அடித்தளம் அமைத்தார். சொட்டுநீர்க் குழாயை உருவாக்கியவர் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர். அக்குழாய்க்குக் கீழே மண்ணுக்குள் நடப்பதை விளக்கி, அம்முறையை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கொண்டுபோனவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஹில்லெல். 2012இல் உலக உணவுப் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் பெயரை ஆதரித்து வந்த கடிதங்களில் அரபு, இஸ்லாமிய நாடுகளிலிருந்து வந்தவையும் இருந்தன. தண்ணீர் பகைமையைக் கடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

விவிலியத்தில் தோய்ந்தவர் அவர். எகிப்து காலால் நீர் பாய்ச்சிய தோட்டம், கானானோ வானத்து மழையைக் குடிக்கும் நிலம் என்று உபாகமம் 11ஆம் அதிகாரம் பிரித்துக் காட்டுகிறது. இப்படி நிலமும் நீரும் ஒரு மக்களின் சமயத்தை எப்படி உருவாக்கின என்பதையே ‘விவிலியத்தின் இயற்கை வரலாறு’ என்ற பொருள்படும் தம் 2006ஆம் ஆண்டு நூலில் விரித்தார்.

வள்ளுவர் கண்டதும் அதே மண்தான். ஒரு பலம் மண் கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது உழவு அதிகாரம். மேலே உலர்ந்த புழுதி, கீழிருந்து ஏறிவரும் ஈரத்தின் வழியைத் துண்டித்து ஆவியாவதைத் தடுக்கும் என்று இன்றைய மண் இயற்பியல் சொல்கிறது. புழுதி உழவின் அருமையைக் குறள் அன்றே உணர்த்திவிட்டது!

தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் கிடைக்கிறது. குழாய் பதித்ததோடு கடமை முடிந்துவிடாது. சொட்டும் இடத்தின் அருகே மண்வெட்டியால் ஒரு குழி எடுத்துப் பாருங்கள். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் குறுகலாக ஆழம் போயிருக்கும். களிமண்ணில் அகலமாகப் பரவியிருக்கும். அதைக் கண்டு மோட்டார் ஓடும் நேரத்தை வையுங்கள். ஈரத்தின் ஓரத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வேளாண் கல்லூரிப் பிள்ளைகளே, மண் இயற்பியலை விரும்பி எடுத்துப் படியுங்கள். நம் வயல்களுக்கு அந்தப் படிப்பு வேண்டும்.