சர்வதேச உறவுக் கோட்பாடுகளும் டியாகோ கார்சியாவும்

சர்வதேச உறவுகளைக் கற்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர் ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தை எதிர்கொள்கின்றார். அரசுகளை இயக்குவது அதிகாரமே என ஒரு விரிவுரை கூறுகின்றது. சட்டமும் நிறுவனங்களும் அதிகாரத்திற்குக் கடிவாளமிடும் என்கின்றது மற்றொன்று. எது சரியானது என்பதற்கு விடை கிடைக்காத நிலையில், அறிஞர்களின் பெயர்களையும் ஒவ்வொரு கோட்பாட்டினதும் குறைநிறைகளையும் மனனஞ் செய்து பரீட்சை எழுதுவதே பலரது வழக்கமாகிவிடுகின்றது.

இத்துறை முதலாம் உலகப் போரின் அழிவிலிருந்து பிறந்ததாகும். மீண்டுமொரு போரைத் தவிர்க்கும் வழியை ஆராயும் நோக்குடன் 1919 ஆம் ஆண்டில் வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரில் இதற்கான முதலாவது பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. பின்னாளில் அதே பதவியை வகித்த ஈ. எச். கார், 1939 இல் வெளியிட்ட நூலில் அந்நம்பிக்கையைக் கற்பனாவாதம் எனச் சாடினார். ஹான்ஸ் மோர்கந்தோ 1948 இலும் கெனத் வோல்ட்ஸ் 1979 இலும் வெளியிட்ட நூல்கள் யதார்த்தவாதத்தை வலுப்படுத்தின. ஆக, கோட்பாடுகளுக்கிடையிலான போட்டி இத்துறையுடனேயே வளர்ந்து வந்ததொன்றாகும்.

இக்கோட்பாடுகளின் பயன், அவற்றை ஒரே விடயத்தின் மீது பிரயோகிக்கும்போதே வெளிப்படுகின்றது. எமது சமுத்திரத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. 1965 இல் பிரித்தானியா சாகோஸ் தீவுகளை மொறீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. அவற்றுள் பெரியதான டியாகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரையான காலப்பகுதியில் தீவுவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1971 டிசம்பரில், இலங்கை முன்வைத்த யோசனையின் பேரில், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. எந்த நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் வாக்களிப்பைத் தவிர்த்துக் கொண்டன.

தீர்மானம் நிறைவேறியது, தளமும் விரிவடைந்தது. பலமற்றவர்களின் தீர்மானம் பலமுள்ளவர்களைக் கட்டுப்படுத்தாது என யதார்த்தவாதி இதனைக் காட்டி வாதிடுவார். தாராண்மைவாதியோ பிந்திய நிகழ்வுகளைச் சுட்டுவார். தீவுகளைப் பிரித்தெடுத்தது சட்டவிரோதமானது என்ற கருத்தைச் சர்வதேச நீதிமன்றம் 2019 இல் தெரிவித்தது. தீவுகளின் இறைமையை மொறீசியஸிடம் கையளிக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா 2025 மே மாதத்தில் கைச்சாத்திட்டது. எனினும் தளத்தை 99 ஆண்டுகளுக்குத் தக்கவைக்கும் ஏற்பாடும் அதே உடன்படிக்கையில் உள்ளது. இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமான பக்கத்தை அதில் வாசிக்க முடியும்.

மார்க்சிய நோக்கில் ஆராய்பவர் குடியேற்றவாதம் வேறு வடிவில் தொடர்வதைக் காண்பார். கருத்துகளும் அடையாளங்களுமே அரசுகளின் நலன்களை வடிவமைக்கின்றன என அலெக்சாண்டர் வென்ட் போன்றோர் வாதிட்டனர். அவர்களைப் பின்பற்றுபவர், பாதுகாப்பு விவகாரமாகப் பேசப்பட்ட ஒன்று எவ்வாறு குடியேற்ற நீக்கத்தின் பிரச்சினையாக மாறியது என வினவுவார்.

இவ்விவாதத்தில் தீவுவாசிகளின் இடம் எது என்பதே முக்கியமான வினாவாகும். அரசுகளை மாத்திரம் அலகாகக் கொள்ளும் கோட்பாடுகளில் அவர்கள் எளிதில் மறைந்துபோகின்றனர். 2025 உடன்படிக்கை தொடர்பிலும் தம்முடன் கலந்தாலோசிக்கப்படவில்லை என அவர்களுள் பலர் முறையிட்டனர். கோட்பாட்டில் இடம்பெறாத மக்கள் பேச்சுவார்த்தை மேசையிலும் இடம்பெறாமல் போவதை வெறும் தற்செயல் எனக் கூறிவிட முடியாது.

எனவே, எந்தக் கோட்பாடு சரியானது என்ற கேள்வியுடன் மாணவர் நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கோட்பாடும் எதனை விளக்குகின்றது, எவரைக் காணத் தவறுகின்றது எனவும் கேட்கப் பழக வேண்டும். விரிவுரையாளர்களும் வரைவிலக்கணங்களை ஒப்புவிக்கக் கோரும் வினாக்களைக் குறைத்து, ஒரே நிகழ்வை இரு கோணங்களில் ஆராயுமாறு பணிக்க வேண்டும். வல்லரசுகளின் முடிவுகளால் அடிக்கடி பாதிக்கப்படும் சிறிய நாடுகளின் மாணவர்களுக்கு இப்பயிற்சி மிகவும் அவசியமானதாகும்.